மெதுவாக ஆடும் படகு

சென்ற ஆனி மாதம் யாழ்ப்பாணத்துக்கு அருகேயுள்ள நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குப் போய்வந்த அன்று, ஒரே கடலில், ஒரே காற்றில் இரண்டு விதமான ஆட்டத்தை அனுபவித்தேன். விடிகாலையில் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து புறப்பட்ட படகில் ஆட்கள் குறைவு. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்ததால், அலை பக்கவாட்டில் வந்து மோதிய ஒவ்வொரு தடவையும் படகு வெடுக்கென்று சாய்ந்து வெடுக்கென்று நிமிர்ந்தது. முன் வாங்கில் இருந்த ஒரு அம்மா கரை சேரும்வரை தலை நிமிரவில்லை. பின்னேரம் திரும்பி வந்த படகிலோ உள்ளே இடமில்லாமல் மேல்தட்டிலும் ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். அந்தப் படகு ஒரு பக்கம் மெல்லச் சாய்ந்து, அங்கே எதையோ யோசிப்பதுபோலச் சற்று நின்று, பிறகு மெல்ல மறுபக்கம் வந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஐயா ஒருவர், "இப்ப கடல் நல்லா அடங்கியிட்டுது, தம்பி" என்று திருப்தியாகச் சொன்னார்.

கடல் அடங்கவில்லை. காற்று காலையில் இருந்ததைவிடக் கூடத்தான் இருந்தது. அந்தப் படகில் இருந்தவர்களுள் படகோட்டி ஒருவர்தான் நிம்மதியில்லாமல் இருந்தார். "மேல நிக்கிற ஆக்கள் இருங்கோ! கரை தெரியுதெண்டு எல்லாரும் ஒரு பக்கமா வராதேங்கோ!" என்று அவர் தொண்டை கட்டக் கத்திக்கொண்டே வந்தார். பயணிகளில் சிலர் அவரைச் சிடுமூஞ்சி என்று முணுமுணுத்தார்கள். நான் குடிசார் பொறியியல் படித்தவன். மிதக்கும் பொருள்களின் உறுதிநிலை பற்றி நான் கற்றது இரண்டு விரிவுரைகளும் ஒரு செய்முறையும் மட்டுமே. ஆனாலும் அந்த இரண்டு கட்டளைகளும், அதாவது இருங்கள் (உட்காருங்கள்), ஒரு பக்கமாக வராதீர்கள் என்பவை, அந்த விரிவுரைகளின் இரண்டு பகுதிகள் என்பது அன்று பின்னேரம்தான் எனக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்ததும் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உயர்தரத்தில் பௌதிகம் படித்த எவரும் ஆக்கிமிடீசின் தத்துவத்தை ஒப்புவிப்பார்கள்: பொருள் இடம்பெயர்க்கும் பாயியின் (திரவம் அல்லது வாயுவின்) நிறை எவ்வளவோ அவ்வளவு மேலுதைப்பு அதன்மீது உண்டாகும். பொருள் மிதக்குமா தாழுமா என்ற கேள்விக்கு இது போதும். ஆனால் மிதக்கிற பொருள் நிமிர்ந்து மிதக்குமா, கவிழ்ந்து மிதக்குமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடையாக எங்களில் பலர் மனதில் வைத்திருப்பது, புவியீர்ப்பு மையம் கீழே இருந்தால் உறுதி, மேலே இருந்தால் உறுதியில்லை என்ற ஒரு வரி. இன்னும் சற்று நுட்பமாகச் சொல்பவர்கள், புவியீர்ப்பு மையம் மிதப்பு மையத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள். மிதப்பு மையம் என்பது இடம்பெயர்ந்த நீரின் வடிவத்துக்குரிய மையம். மேலுதைப்பு அதனூடாகவே தாக்குகிறது. முழுவதும் நீருள் அமிழ்ந்த நீர்மூழ்கிக்கு இந்த விதி சரி. நீரின் மேற்பரப்பில் மிதக்கும் படகுக்கு இது பிழை. குறிகட்டுவான் துறையில் கட்டியிருக்கும் படகுகளில் பெரும்பாலானவற்றின் புவியீர்ப்பு மையம் மிதப்பு மையத்துக்கு மேலேதான் இருக்கும்; ஆனாலும் அவை நிமிர்ந்தே நிற்கின்றன.

அவற்றை நிமிர்த்தி வைத்திருப்பது அகலம். படகு வலப்பக்கம் சற்றுச் சாயும்போது, வலப்பக்கத்தில் ஆப்பு வடிவத்தில் ஒரு பகுதி புதிதாக நீருக்குள் இறங்குகிறது. இடப்பக்கத்தில் அதே அளவான ஓர் ஆப்பு நீரைவிட்டு வெளியே வருகிறது. மொத்தக் கனவளவு மாறவில்லை, ஆனால் அமிழ்ந்த பகுதியின் வடிவம் மாறிவிட்டது. ஆகவே மிதப்பு மையம் வலப்பக்கமாக நகர்கிறது. படகின் நிறை தன் பழைய இடத்தில் கீழ்நோக்கி இழுக்க, மேலுதைப்பு சற்று வெளியே தள்ளி மேல்நோக்கி உதைக்க, இரண்டும் சேர்ந்த இணை படகை நிமிர்த்துகிறது. சாய்ந்த நிலையில் மேலுதைப்பின் தாக்கக் கோட்டை மேலே நீட்டினால், அது படகின் நடுக்கோட்டை ஓரிடத்தில் வெட்டும். அந்தப் புள்ளியை எங்கள் விரிவுரையாளர் மெற்றா மையம் என்றே சொல்லித் தந்தார். நானும் அப்படியே எழுதுகிறேன். புவியீர்ப்பு மையம் இந்தப் புள்ளிக்குக் கீழே இருந்தால் படகு நிமிரும். மேலே போய்விட்டால் அதே இணை எதிர்த்திசையில் திரும்பிப் படகைக் கவிழ்க்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் மெற்றா மைய உயரம்.

மிதப்பு மையத்திலிருந்து மெற்றா மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதற்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு: நீர்மட்டத்தில் படகை வெட்டினால் கிடைக்கும் பரப்பின் இரண்டாம் திருப்பத்தை, அதாவது அந்தப் பரப்பு நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகிப் பரந்திருக்கிறது என்பதன் அளவை, இடம்பெயர்ந்த கனவளவால் பிரிக்க வேண்டும். அந்த இரண்டாம் திருப்பத்தில் அகலம் மும்மடி வலுவோடு வருகிறது, நீளம் ஒருமடி வலுவோடுதான் வருகிறது. அகலத்தை இரட்டித்தால் திருப்பம் 8 மடங்காகும், கனவளவு 2 மடங்காகும். ஆகவே அந்த உயரம் 4 மடங்காகும். நீளத்தை இரட்டித்தால் ஒன்றுமே மாறாது.

இதை எந்த விரிவுரையையும்விட நன்றாக விளக்குவது கட்டுமரம். வட்டமான ஒரு தனி மரத்தை நீரில் போட்டால், அது எந்தப் பக்கம் உருண்டாலும் அமிழ்ந்த பகுதியின் வடிவம் மாறுவதில்லை. அதன் மெற்றா மையம் எப்போதும் வட்டத்தின் மையத்திலேயே இருக்கும். சீரான மரமானால் புவியீர்ப்பு மையமும் அங்கேயேதான். இதுதான் நடுநிலைச் சமநிலை. அதன்மீது ஒருவர் ஏறினால் மொத்தப் புவியீர்ப்பு மையம் மேலே போய்விடும், மரம் உருண்டுவிடும். சிறு வயதில் அரியாலைக் கரையில் ஒற்றை எண்ணெய்ப் பீப்பாயில் ஏறி உட்கார முயன்று, நாங்கள் நான்கு பேர் மாறி மாறிச் சேற்றுத் தண்ணீர் குடித்தது இந்தக் காரணத்தால்தான். அதே மரங்கள் மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டினால் மனிதன் நின்றபடி வலை வீசலாம். மரம் எதுவும் மாறவில்லை, கனதி எதுவும் கீழே சேர்க்கப்படவில்லை. கட்டு ஒன்றுதான் புதிது. கட்டுமரம் என்ற பெயரிலேயே கட்டு என்பது முன்னால் நிற்பது எனக்கு நீண்ட காலம் கண்ணில் படவில்லை.

இங்கே ஒரு சிறிய முறைப்பாடு. பயிற்சிப் புத்தகங்களில் சதுரமுகி வடிவ மரக்கட்டை ஒன்று நீரில் பாதிக்குமேல் அமிழ்ந்து, மேல்முகம் கிடையாக, ஒழுங்காக மிதப்பதுபோலப் படம் போடுவார்கள். சூத்திரத்தைப் பிரயோகித்துப் பாருங்கள்: கட்டையின் அடர்த்தி நீரினதில் 0.21 மடங்குக்குக் குறைவாகவோ 0.79 மடங்குக்கு அதிகமாகவோ இருந்தாலன்றி அது அப்படி மிதக்காது. சாதாரண மரங்களில் பல இந்த இடைவெளிக்குள்தான் வருகின்றன. தச்சுப் பட்டறையிலிருந்து 5 சென்ரிமீற்றர் சதுரக் குறுக்குவெட்டும் 30 சென்ரிமீற்றர் நீளமும் கொண்ட மாமரத் துண்டு ஒன்றை வாங்கி வந்து நிறுத்துப் பார்த்தேன். அடர்த்தி நீரினதில் ஏறத்தாழ 0.6 மடங்கு. கிணற்றடித் தொட்டியில் கிடையாக வைத்துக் கையை எடுத்ததும் அது சோம்பலாகப் புரண்டு, ஒரு விளிம்பு மேலே நிற்க, கூரை முகடுபோல மிதந்தது. மறுபடி தட்டையாக வைத்தால் மறுபடியும் அதே புரளல். ரிஜிபோமில் (பொதி கட்டப் பயன்படும் இலேசான வெள்ளை நுரைப் பலகையில்) அதே அளவில் ஒரு துண்டு வெட்டிப் போட்டால் அது தட்டையாகவே கிடக்கும், ஏனெனில் அது 0.21 என்ற எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் செய்து காட்டுங்கள். பரீட்சைத் தாளில் மட்டும் படத்தில் உள்ளபடியே விடை எழுதச் சொல்லுங்கள்.

இனிப் படகின் கணக்கு. உண்மையான படகின் வளைவுகளை விட்டுவிட்டு, 10 மீற்றர் நீளமும் 2.5 மீற்றர் அகலமும் 0.9 மீற்றர் ஆழமும் கொண்ட ஒரு பெட்டியாக அதை எடுத்துக்கொண்டேன். வெறுமையாக அது 30 சென்ரிமீற்றர் அமிழ்கிறது என்றால், கடல்நீரின் அடர்த்தி கனமீற்றருக்கு 1025 கிலோகிராம் என்ற கணக்கில் அதன் திணிவு ஏறத்தாழ 7.7 தொன். வெறும் படகின் புவியீர்ப்பு மையம் அடியிலிருந்து 60 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். இந்த நிலையில் மெற்றா மைய உயரம் 1.29 மீற்றர். தலைக்கு 60 கிலோகிராம் வீதம் 40 பேரை உள்ளே வாங்குகளில் இருத்தி, அவர்களின் புவியீர்ப்பு மையம் அடியிலிருந்து 0.9 மீற்றரில் என்று எடுத்தால், அமிழ்வு 39 சென்ரிமீற்றருக்கு வருகிறது; மெற்றா மைய உயரம் 0.85 மீற்றராகக் குறைகிறது. அதே 40 பேரும் மேல்தட்டில் நின்று, அவர்களின் புவியீர்ப்பு மையம் 2.6 மீற்றரில் என்றால், அது 0.44 மீற்றர். ஏறியவர்கள் அதே ஆட்கள், படகு அமிழ்ந்த ஆழமும் அதே ஆழம். கரையில் நின்று பார்ப்பவருக்கு நீர்மட்டக் கோட்டில் ஒரு வித்தியாசமும் தெரியாது. நிமிர்த்தும் வலு மட்டும் பாதியாகிவிட்டது. "இருங்கோ" என்ற கட்டளையின் பெறுமதி அந்தப் பாதி.

"ஒரு பக்கமா வராதேங்கோ" என்பதற்கும் எண் உண்டு. இறங்குதுறை நெருங்கும்போது, மேல்தட்டில் நிற்கும் 40 பேரில் 30 பேர் ஒரு மீற்றர் தூரம் ஒரே பக்கம் நகர்ந்தால், மெற்றா மைய உயரத்தைக் கொண்டு போடும் எளிய கணக்கில் அந்தப் படகு ஏறத்தாழ 22 பாகை சாய்ந்துதான் புதிய சமநிலையை அடையும். அந்தப் பெட்டிப் படகின் விளிம்பு நீரைத் தொடுவதும் ஏறத்தாழ 22 பாகையில்தான். விளிம்பு அமிழ்ந்த பிறகு நீர்மட்டத்திலுள்ள அகலம் சுருங்கத் தொடங்குகிறது. அகலத்தின் மும்மடியை நம்பி நின்ற உறுதி, மாடிப்படியில் அல்ல, கிணற்றுக் கட்டில் கால் வைத்ததுபோல ஒரேயடியாக விழுகிறது. மெற்றா மையம் என்ற கருத்தே சிறு சாய்வுகளுக்கு உரியது. பெரிய சாய்வில் என்ன நடக்கும் என்பதை விளிம்பின் உயரம்தான் தீர்மானிக்கிறது.

இந்தக் கருத்துக்குப் பெயர் வைத்தவர் பியர் பூகே என்ற பிரெஞ்சுக்காரர். அவரும் அவருடைய தந்தையும் துறைமுக ஊரில் கடலோடிகளுக்குக் கற்பித்த ஆசிரியர்கள். பூமியின் வடிவத்தை அளப்பதற்காக 1735 இல் அன்றைய பெருவுக்குப் புறப்பட்ட குழுவில் ஒருவராகச் சென்ற அவர், கப்பல் பற்றிய தம் பெரிய நூலின் பெரும்பகுதியை அங்கே, கடலைவிட்டு வெகு உயரத்தில், அந்தீசு மலைகளில் இருந்தபடி எழுதினார் என்பது எனக்குப் பிடித்த செய்தி. நூல் 1746 இல் வெளிவந்தது. 1749 இல் கணித மேதை ஒயிலர் தனி வழியில் அதே விடயத்தை எழுதினார். அவர் புள்ளியைத் தேடாமல் நிமிர்த்தும் திருப்பத்தையே நேரடியாகக் கணித்தார். ஆக்கிமிடீசோ இதற்கு ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே, மிதக்கும் பரவளைவுத் திண்மங்கள் எந்த நிலையில் நிமிரும் என்று தூய கேத்திரகணிதத்தால் நிறுவியிருந்தார். அதைக் கப்பலுக்குப் பிரயோகிக்க அத்தனை காலம் எடுத்தது.

அந்த இடைக்காலத்தில் கப்பல் கட்டியவர்களிடம் இருந்தது அனுபவமும், தாமதமாக வரும் ஒரு சோதனையும். சுவீடனின் வாசா என்ற போர்க்கப்பலில் 1628 இல், துறையில் கட்டியிருந்தபோதே, 30 மாலுமிகளை மேல்தட்டில் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஒன்றாக ஓடவிட்டுப் பார்த்தார்கள். மூன்றாவது ஓட்டத்தோடு சோதனையை நிறுத்திவிட்டார்கள். தொடர்ந்தால் கப்பல் துறையிலேயே கவிழ்ந்துவிடும் என்ற பயம். ஆனாலும் அரசனின் அவசரம் பெரிதாக இருந்தது. ஓகஸ்ட் 10 ஆம் திகதி முதற் பயணத்தில் ஏறத்தாழ 1300 மீற்றர் போனதும் ஒரு காற்று வீச்சில் சாய்ந்து, திறந்திருந்த கீழ்ப் பீரங்கி வாயில்களால் நீர் புகுந்து, கரையில் சனம் பார்த்துக்கொண்டிருக்க மூழ்கியது. இன்று புதிய கப்பலுக்குச் செய்யும் சாய்வுச் சோதனை அந்த 30 பேரின் ஓட்டத்தின் ஒழுங்கான வடிவமே: தெரிந்த நிறை ஒன்றைத் தெரிந்த தூரம் நகர்த்தி, தொங்கவிட்ட ஊசலால் சாய்வை அளந்து, மெற்றா மைய உயரத்தைக் கண்டுபிடிப்பார்கள். நாங்கள் ஆய்வுகூடத்தில் சிறிய தகரப் படகொன்றில் செய்ததும் இதுதான். அன்று எங்கள் குழுவின் விடை மற்றக் குழுக்களின் விடையைவிட மிகவும் குறைவாக வந்தது. வாசிப்புகளை மூன்று தடவை திருப்பி எடுத்தோம். கடைசியில் பார்த்தால், யாரோ படகின் உள்ளே ஒரு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் சிந்தியிருந்தார்கள்.

அந்த ஒரு விரல் தண்ணீர்தான் இந்த விடயத்தில் என்னை மிகவும் அச்சப்படுத்துவது. படகின் அடியில் கிடக்கும் தண்ணீர் கீழே இருக்கிற பாரம்தானே, அது படகுக்கு நல்லதுதானே என்று தோன்றும். கல்லோ மணலோ ஆனால் நல்லதுதான். 1938 இல் வல்வெட்டித்துறையிலிருந்து அமெரிக்காவின் குளோஸ்ரர் வரை பாய்விரித்துப் போய்ச் சேர்ந்த அன்னபூரணியைப் போன்ற பாய்க்கப்பல்கள், பாயில் காற்று ஓயாமல் சாய்த்துக்கொண்டே இருக்கும்போது நிமிர்ந்து நிற்க அடிப்பாரத்தைத்தான் நம்பியிருந்தன. ஆனால் கல் இடம் மாறாது. தண்ணீரோ, படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துக்கே ஓடிப்போய்ச் சேர்ந்து, சாய்வுக்குத் துணை செய்கிறது. அது பறிக்கும் உயரத்தின் சூத்திரத்திலும் உள்ளே தேங்கிய நீர்ப்பரப்பின் அகலம் மும்மடியாகவே வருகிறது. அகலம் படகைக் காப்பாற்றிய அதே கணக்கு இங்கே படகுக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. எங்கள் பெட்டிப் படகில் 9 மீற்றர் நீளமும் 2.3 மீற்றர் அகலமுமான உட்தளத்தில் 10 சென்ரிமீற்றர் தண்ணீர் தேங்கினால், மெற்றா மைய உயரத்தில் ஏறத்தாழ 77 சென்ரிமீற்றர் பறிபோகும். ஆட்கள் ஒழுங்காக உள்ளே இருந்தாலும் மிச்சம் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே. மேல்தட்டில் நின்றால் மறை 34 சென்ரிமீற்றர். அந்தப் படகு நிமிர்ந்து நிற்கவே மாட்டாது. கணுக்கால் நனையும் தண்ணீர்தான் இது. சாய்வு 5 பாகையளவைத் தாண்டித் தண்ணீர் ஒரு மூலையில் ஒதுங்கியதும் அதன் பறிப்பு குறையத் தொடங்கும் என்பது உண்மை. ஆனால் சாய்ந்தே கிடக்கும் படகில் ஆட்கள் சும்மா இருப்பார்களா?

1987 மார்ச் 6 ஆம் திகதி பெல்ஜியத்தின் சீபுரூக் துறைமுகத்துக்கு வெளியே கவிழ்ந்த ஹெரால்ட் ஒவ் பிரீ என்ரபிரைஸ் என்ற பயணிகள் கப்பலுக்கு நடந்தது இதுதான். முன் கதவுகள் மூடப்படாமல் புறப்பட்டதால், தடுப்பேயில்லாத அகன்ற வாகனத் தளத்தில் கடல்நீர் புகுந்தது. 193 பேர் இறந்தார்கள். இதற்கான மருந்து நெடுக்காக ஒரு தடுப்புச் சுவர். நடுவில் ஒன்று போட்டால் பறிபோகும் உயரம் கால்வாசியாகிவிடும். வாகனத்தை ஓட்டி ஏற்றும் தளத்தில் சுவர் இடைஞ்சல் என்பதால் அதை வைக்காமல் விடுகிறார்கள்.

அந்த ஐயாவின் திருப்திக்கு வருகிறேன். படகு ஒரு முழு ஆட்டத்துக்கு எடுக்கும் நேரம், அதன் அகலத்துக்கு நேர்விகிதசமமாகவும் மெற்றா மைய உயரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறு விகிதசமமாகவும் இருக்கும். பரும்படியாக, மீற்றரில் எடுத்த அகலத்தை 0.8 ஆல் பெருக்கி, அந்த வர்க்கமூலத்தால் பிரித்தால் செக்கன் கணக்கில் விடை வரும். எங்கள் படகு வெறுமையாக இருக்கும்போது அது ஏறத்தாழ 1.8 செக்கன், உள்ளே 40 பேர் இருந்தால் 2.2, மேல்தட்டில் நின்றால் 3. உறுதி கூடிய படகு வெடுக்கென்று ஆடி வயிற்றைப் புரட்டும். உறுதி குறைந்த படகு தொட்டில்போல ஆடித் தூங்க வைக்கும். உடம்புக்குச் சுகமாகத் தெரிகிற அந்த ஆட்டம், நிமிர்த்தும் வலு போய்க்கொண்டிருப்பதன் அடையாளம். பெரிய பயணிகள் கப்பல்களை வடிவமைப்பவர்கள் ஆட்டம் மென்மையாக இருக்கட்டும் என்று இந்த உயரத்தை வேண்டுமென்றே அளவோடு வைப்பதுண்டு. ஆனால் அவர்கள் எண்ணைத் தெரிந்துகொண்டு குறைக்கிறார்கள், விளிம்பையும் உயர்த்தி வைக்கிறார்கள். எங்கள் படகோட்டியிடம் எண் இல்லை. சாய்ந்த பக்கத்தில் படகு சற்று அதிகமாக நின்று யோசித்ததை அவர் உள்ளங்காலால் அறிந்துகொண்டார். அவரது கத்தலுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு படகில் ஏறினால், காலடியில் தண்ணீர் எவ்வளவு என்று முதலில் பார்ப்பேன். கரைவிட்டதும் கைக்கடிகாரத்தில் பத்து ஆட்டங்களை எண்ணுவேன். போன கிழமை நயினாதீவுக்குப் போனபோது பத்து ஆட்டத்துக்கு 19 செக்கன் வந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. எதிரே இருந்த சிறு பிள்ளை இரண்டு தடவை சத்தியெடுத்துவிட்டாள். "ஆடாமல் ஓட்டத் தெரியாதோ?" என்று தாய் படகோட்டியைப் பார்த்துக் கோபமாகக் கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. அவருடைய உதவியாள் பொடியன் பாதி வெட்டிய பிளாஸ்ரிக் கான் ஒன்றால் எஞ்சினடியில் ஊறிய தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றிக்கொண்டிருந்தான்.